பாக்ஸிங் சண்டையைப் பற்றி உருப்படியாக வாதம் செய்வது எப்படி

"அவன்தான் ஜெயிச்சான். ஜட்ஜுங்க ஏமாத்திட்டாங்க." ஒரு பெரிய சண்டை புள்ளிக் கணக்கில் முடிந்த அடுத்த நிமிடம் எல்லாக் கூட்டத்திலும் கேட்கும் பேச்சு இது. சொல்பவருக்கு அதில் முழு நம்பிக்கை இருக்கும். ஆனால் "எந்த ரவுண்டுல ஏமாத்துனாங்க?" என்று கேட்டால் பதில் வராது. பன்னிரண்டு ரவுண்டும் கலந்துபோய், கடைசியாகப் பார்த்த நல்ல குத்து ஒன்று மட்டும்தான் மனதில் நிற்கும்.

என் கட்சி இதுதான்: முழுச் சண்டையை வைத்து வாதம் செய்தால் அது எங்கும் போய்ச் சேராது. ரவுண்டு ரவுண்டாகப் பேசினால்தான் எதிரில் இருப்பவரும் பேச முடியும், நமக்கும் புதிதாக ஏதாவது கண்ணில் படும். அதற்கு நாமே மார்க் போட்டுப் பார்க்கவேண்டும். எப்படிப் போடுவது, அதை வைத்து எப்படிப் பேசுவது, இன்னும் நடக்காத சண்டைகளைப் பற்றி எப்படி வாதம் செய்வது என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் வடசென்னைக்காரன். பாக்ஸிங் எங்கள் பக்கத்துக்கு டிவியில் வந்து சேர்ந்த விளையாட்டு இல்லை. தாத்தா காலத்திலேயே பரம்பரை கட்டிச் சண்டை போட்ட ஊர். 1980-இல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்டதை இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்லும் பெரியவர்கள் இங்கே உண்டு. எங்கள் கூட்டத்தில் ஐந்தாறு பேர். அதில் ஒருவர் முன்னாள் அமெச்சூர் பாக்ஸர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இதில் பாதி அவர் கற்றுக்கொடுத்தது.

முதலில் தாள்

ஒரு முழுத் தாளை எடுத்து நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் 1 முதல் 12 வரை ரவுண்டு எண். அடுத்த இரண்டில் இரண்டு பாக்ஸர்களின் பெயர். நான்காவது மட்டும் அகலமாக இருக்கட்டும். குறிப்பு எழுத அது வேண்டும். பெண்கள் பட்டச் சண்டை என்றால் பெரும்பாலும் 10 ரவுண்டு, ரவுண்டுக்கு 2 நிமிடம்.

ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருவர் ஒரு தடவை கீழே விழுந்து எழுந்தால் பொதுவாக 10-8, இரண்டு தடவை விழுந்தால் 10-7. ஃபவுலுக்காக ரெஃப்ரி புள்ளி குறைத்தால் அதைத் தனியாகக் கழியுங்கள். 10-10 போடலாம் என்று விதியில் இடம் இருந்தாலும் போடாதீர்கள். முடிவெடுக்கப் பயந்துதான் பலரும் அதைப் போடுகிறார்கள்.

மணி அடித்து முடிந்த அந்த ஒரு நிமிட இடைவேளைக்குள் எழுதிவிட வேண்டும். எழுதியதைத் திருத்தக்கூடாது. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், சண்டை முடியும்வரை கூட்டிப் பார்க்காதீர்கள். 8-ஆவது ரவுண்டில் கூட்டிப் பார்த்து "ஐயோ, நம்ம ஆள் இரண்டு பின்னாடி இருக்கானே" என்று தெரிந்துவிட்டால், 9-ஆவது ரவுண்டில் கை தானாக அவன் பக்கம் சாயும். நிஜ ஜட்ஜுகளும் ஒவ்வொரு ரவுண்டுக்கும் சீட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், மொத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

குறிப்புப் பத்தியில் நீளமாக எழுத நேரம் இருக்காது. "இடது நேர், 2 தடவை, தலை பின்னால் போனது" என்ற அளவுக்கு இருந்தால் போதும். ஒரு மாதம் கழித்து வாதம் வரும்போது அந்த நாலு சொல்தான் கை கொடுக்கும்.

சத்தத்தை நிறுத்துங்கள்

கமெண்ட்ரியை ம்யூட்டில் போடுங்கள். கமெண்ட்ரி சொல்பவர் ஒருவரின் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னால் நம் கண்ணும் அவரையே பின்தொடரும். கூட்டத்தின் சத்தமும் அப்படித்தான். மெக்ஸிகோ ரசிகர்கள் நிறைந்த லாஸ் வேகஸ் அரங்கில் கனேலோ ஆல்வரஸ் வீசும் குத்து கிளவுஸில் பட்டால்கூட அரங்கம் அதிரும். அதே ரவுண்டைச் சத்தமில்லாமல் பார்த்தால் வேறு ரவுண்டு மாதிரி இருக்கும். திரையின் மூலையில் அவர்களே ஒரு ஸ்கோர் காட்டுவார்கள், அதையும் மறைத்துவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லாஸ் வேகஸ் சண்டை நமக்கு ஞாயிறு காலையில் வரும், அது வசதி. ஜப்பானில் நடப்பது சாயங்காலம். ரியாத், லண்டன் சண்டைகள் ஞாயிறு விடியும் முன் இரண்டரை, மூன்றரை மணிக்கு. அரைத் தூக்கத்தில் மார்க் போடுவதைவிட, போனை அணைத்துவிட்டுத் தூங்கி, காலையில் ரிசல்ட் தெரியாமல் ரீப்ளே பார்த்துப் போடுவது எவ்வளவோ மேல்.

ஒரு ரவுண்டில் என்ன பார்ப்பது

விதிப்படி நான்கு விஷயம்: சுத்தமாக விழுந்த குத்து, பலன் தரும் தாக்குதல், ரிங்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, தற்காப்பு. நான்கும் சமம் என்று நினைத்துக்கொண்டு குழம்பவேண்டாம். முதலாவதை வைத்து முடிவெடுங்கள். அதில் முடியவில்லை என்றால் மட்டும் மற்ற மூன்றுக்கு வாருங்கள்.

சுத்தமான குத்து எது என்று கண்டுபிடிக்க மாஸ்டர் சொன்ன வழி எனக்கு இதுவரை பொய்த்ததில்லை. "குத்துறவன் கையப் பாக்காதப்பா, வாங்குறவன் தலையப் பாரு." கை வேகமாகப் போகும், கிளவுஸில் பட்டதா, தோளில் வழுக்கியதா, தாடையில் இறங்கியதா என்று கையைப் பார்த்தால் தெரியாது. தலை பின்னால் சாய்ந்தால், கால் ஒரு அடி இடம் மாறினால், குத்து விழுந்திருக்கிறது. உடம்பில் விழும் குத்துக்கு முழங்கையைப் பாருங்கள். விலாவில் சரியாக வாங்கியவர் அடுத்த சில நொடிகள் அந்தப் பக்கத்து முழங்கையை இறக்கி விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வார்.

முன்னால் வந்துகொண்டே இருப்பவருக்கு ரவுண்டைக் கொடுத்துவிடுவது புது ரசிகர்கள் எல்லோரும் செய்வது. 2015 மே 2 அன்று நடந்த மேவெதர்–பக்கியாவ் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கியாவ் துரத்தினார், மேவெதர் பின்வாங்கினார். அதைப் பார்த்துவிட்டு பக்கியாவ் ஜெயித்தார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் குத்துகளை எண்ணிச் சொல்லும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் கணக்கில் பக்கியாவ் வீசிய 429-இல் விழுந்தது 81; மேவெதர் வீசிய 435-இல் விழுந்தது 148. துரத்துவது தாக்குதல்தான், ஆனால் பலன் தந்தால்தான் அதற்கு மார்க். ஜட்ஜுகள் 118-110, 116-112, 116-112 என்று மேவெதருக்குப் போட்டார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

இன்னொரு கண்ணி, ரவுண்டின் கடைசி அரை நிமிடம். 1987 ஏப்ரல் 6 அன்று மார்வின் ஹாக்லரோடு மோதிய சுகர் ரே லெனர்ட் இதில் மன்னன். இரண்டரை நிமிடம் நகர்ந்துகொண்டே இருந்துவிட்டு, மணி அடிக்கப்போகும் நேரத்தில் இரண்டு கையாலும் மழையாகப் பொழிவார். பார்ப்பவர் மனதில் அதுதான் தங்கும். லெனர்டுக்கு 118-110, 115-113, ஹாக்லருக்கு 115-113. ஒரே சண்டையைப் பார்த்த மூன்று பேரின் கணக்கு இது. ஹாக்லர் அதற்குப் பிறகு ரிங் ஏறவே இல்லை. யார் ஜெயித்தது என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அதனால் ரவுண்டின் முதல் நிமிடம் முடிந்ததும் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், இதுவரை யார் முன்னால் என்று. இரண்டாவது நிமிடத்துக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று. மணி அடித்ததும் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கடைசி அரை நிமிடம் கண்ணைக் கட்டாது.

ஜட்ஜுகளைத் திட்டும் முன் அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று பேரும் ரிங்கின் மூன்று பக்கத்தில். உங்களுக்கு டிவியில் முகம் தெரிந்த அதே நொடியில் ஒரு ஜட்ஜுக்குப் பாக்ஸரின் முதுகோ ரெஃப்ரியின் தோளோதான் தெரிந்திருக்கும். இது அவர்களுக்குச் சாக்கு இல்லை. ஒரு ரவுண்டில் ஒரு ஜட்ஜ் மாறிப் போட்டால் இது காரணமாக இருக்கலாம். ஐந்து ரவுண்டில் மாறிப் போட்டால் இது காரணம் இல்லை.

கம்ப்யூபாக்ஸ் எண்களை அளவோடு பயன்படுத்துங்கள். ரிங் ஓரத்தில் இரண்டு பேர் ஆளுக்கொரு பாக்ஸரைப் பார்த்து பட்டன் அழுத்தும் கணக்கு அது. லேசாகத் தொட்ட ஜாபும் (முன் கையால் சட்டென்று விடும் நேர்க்குத்து) ஆளை ஆட்டிய ஹுக்கும் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) அந்தக் கணக்கில் ஆளுக்கொன்றுதான்.

228 என்ற எண்

இது தெரிந்தால் எந்த ஸ்கோர்கார்டையும் பார்த்த மாத்திரத்தில் படிக்கலாம். பன்னிரண்டு ரவுண்டும் 10-9 என்று போனால் இருவரின் புள்ளியும் சேர்ந்து 228 வரும். 116-112, 115-113, 118-110, 114-114 எல்லாமே 228. கூட்டுத்தொகை 227 என்றால் எங்கோ ஒரு நாக்டவுனோ (குத்து வாங்கிக் கீழே விழுவது) புள்ளிக் குறைப்போ இருக்கிறது. 229 என்றால் யாரோ ஒரு ரவுண்டை 10-10 போட்டிருக்கிறார். பத்து ரவுண்டு சண்டைக்கு அந்த எண் 190. 2024 நவம்பரில் கேட்டி டெய்லர்–அமாண்டா செரானோ இரண்டாவது சண்டையில் மூன்று ஜட்ஜும் டெய்லருக்கு 95-94 போட்டார்கள், கூட்டினால் 189. தலையால் முட்டியதற்காக டெய்லருக்கு ஒரு புள்ளி குறைத்தது அந்த ஒன்று.

இதை வைத்து ஹெவிவெயிட் பாக்ஸர்கள் உசிக்–ஃப்யூரி முதல் சண்டையைப் பிரித்துப் பார்ப்போம். 2024 மே 18, ரியாத். உசிக்குக்கு 115-112, 114-113, ஃப்யூரிக்கு 114-113. மூன்றுமே 227. அந்த ஒரு புள்ளி 9-ஆவது ரவுண்டில் போனது. உசிக்கின் இடது கை சுத்தமாக விழுந்தது. அவ்வளவு பெரிய ஆள் கால் பின்னிக்கொண்டு ரிங்கின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போனார். உசிக் விடவில்லை. கயிறு பிடித்து நிறுத்தியதால்தான் ஃப்யூரி நின்றார். ரெஃப்ரி நடுவே புகுந்து எண்ண ஆரம்பித்தார், ரவுண்டும் முடிந்துவிட்டது. முழுதாகக் கீழே விழாவிட்டாலும், கயிறு இல்லையென்றால் விழுந்திருப்பார் என்றால் அது நாக்டவுன்தான்.

சரி, ரெஃப்ரி எண்ணவில்லை, அந்த ரவுண்டு வெறும் 10-9 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்யூரி பக்கம் ஒவ்வொரு கார்டிலும் ஒரு புள்ளி கூடும். உசிக்குக்கு 115-113, ஃப்யூரிக்கு 115-113, மூன்றாவது கார்டு 114-114. அதாவது சண்டை டிரா! ஹெவிவெயிட்டில் நான்கு அமைப்புகளின் பெல்ட்டும் (சாம்பியன் பட்டம்) முதன்முதலாக ஒரே ஆளிடம் சேர்ந்த அந்த இரவு அந்த ஒரு எண்ணிக்கையில்தான் நின்றது. "ரெஃப்ரி எண்ணாமல் விட்டிருந்தால் உசிக் அங்கேயே நாக்அவுட் செய்து முடித்திருப்பார்" என்பது ஒரு கட்சி, "மணி காப்பாற்றியிருக்கும்" என்பது இன்னொரு கட்சி. வாதம் செய்யத் தகுந்த விஷயம் இப்படித்தான் இருக்கும். 2024 டிசம்பர் 21 அன்று நடந்த மறுசண்டையில் மூன்று ஜட்ஜும் உசிக்குக்கு 116-112 போட்டதால் அந்தச் சூடு கொஞ்சம் தணிந்தது.

கேள்விக்குறி ரவுண்டுகள்

இந்த முழு வழியிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மார்க் போடும்போது மனதுக்கு உறுதியாகத் தெரியாத ரவுண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். 10-9 யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும், ஆனால் மற்றவருக்குக் கொடுத்திருந்தாலும் சண்டைக்குப் போகமாட்டேன் என்பதற்கு அந்தக் குறி.

முடிந்ததும் கேள்விக்குறிகளை எண்ணுங்கள். அவை எல்லாவற்றையும் ஒருவருக்கே கொடுத்தால் என்ன வரும், மற்றவருக்கே கொடுத்தால் என்ன வரும் என்று பாருங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் வரும் எந்த கார்டும் நியாயமான கார்டு. வெளியே போனால்தான் கோபப்படலாம்.

ஆர்தூர் பெட்டர்பியேவ்–திமித்ரி பிவோல் முதல் சண்டை, 2024 அக்டோபர் 12. என் தாளில் பிவோல் 115-113, அதாவது ஏழு ரவுண்டுக்கு ஐந்து. அதில் ஐந்து ரவுண்டுக்குக் கேள்விக்குறி. சந்தேகமே இல்லாமல் பிவோலுக்கு நான்கு, பெட்டர்பியேவுக்கு மூன்று. ஐந்தையும் பிவோலுக்குக் கொடுத்தால் 117-111. ஐந்தையும் பெட்டர்பியேவுக்குக் கொடுத்தால் அவருக்கு 116-112. ஜட்ஜுகள் சொன்னது 114-114, பெட்டர்பியேவுக்கு 115-113, 116-112. கடைசி கார்டு என் எல்லையின் விளிம்பில் நிற்கிறது, ஆனால் உள்ளேதான் நிற்கிறது. பிவோல் ஜெயித்ததாக நான் நினைக்கிறேன், ஆனாலும் அதைக் கொள்ளை என்று என்னால் சொல்ல முடியாது. 2025 பிப்ரவரி 22 மறுசண்டையில் அதே எண்கள் அப்படியே திரும்பி பிவோல் பக்கம் விழுந்தன: 114-114, 115-113, 116-112. இருபத்துநான்கு ரவுண்டு முடிந்தும் இவர்களைப் பிரிக்க ஒரு ரவுண்டு, இரண்டு ரவுண்டுதான் இருக்கிறது.

இப்போது 2017 செப்டம்பர் 16, கனேலோ–கோலோவ்கின் முதல் சண்டை. என் தாளில் கோலோவ்கினுக்கு உறுதியாக ஆறு, கனேலோவுக்கு மூன்று, கேள்விக்குறி மூன்று. ஆகவே கோலோவ்கினுக்கு 117-111 முதல் 114-114 வரை எதுவும் சரி. ஒரு ஜட்ஜ் கோலோவ்கினுக்கு 115-113 போட்டார், ஒருவர் 114-114. இரண்டும் உள்ளே. மூன்றாமவர் கனேலோவுக்கு 118-110. கோலோவ்கினுக்குப் பன்னிரண்டில் இரண்டே ரவுண்டு! இது எல்லைக்கு வெளியே, வெகு தூரத்தில். அந்தச் சண்டை டிராவாக முடிந்தது. இதற்குக் கோபப்படுங்கள், சத்தமாகவே கோபப்படுங்கள். எல்லாத் தோல்விக்கும் கொள்ளை கொள்ளை என்று கத்தினால் உண்மையிலேயே அநியாயம் நடக்கும்போது நம் பேச்சு எடுபடாது. பாதிக்கப்படுவது பாக்ஸர். ஒரு தவறான கார்டு அவர் வாங்கிய அடிக்கெல்லாம் அர்த்தம் இல்லாமல் செய்துவிடுகிறது.

கூட்டத்தில் உட்கார்ந்ததும்

எங்கள் பழக்கம் இது. எல்லோரும் தாளைக் குப்புற வைத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் திருப்பவேண்டும். முதலில் யார் ஜெயித்தது என்ற பேச்சே கிடையாது. எல்லோரும் ஒரே மாதிரி போட்ட ரவுண்டுகளை அடித்துவிடுவோம். மிஞ்சுவது மூன்று அல்லது நான்கு ரவுண்டுதான் இருக்கும். அவற்றை மட்டும் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.

பெட்டர்பியேவ்–பிவோல் சண்டைக்குப் பிறகு நடந்த பேச்சு இப்படிப் போனது.

"மாஸ்டர், இந்த ரவுண்டு எப்படி பெட்டர்பியேவுக்குப் போட்டீங்க? எல்லாம் பிவோல் கைமேலதானே விழுந்துச்சு?"

"கைமேல விழுந்தாலும் அவன் நகர்ந்துட்டானே தம்பி. மூணு தடவை கயித்துக்குப் போயிட்டான். அப்புறம் அவன் ஜாப் எங்க? முதல் நிமிஷத்துல போட்டான், அதோட நிறுத்திட்டான்."

"ஆனா தலையில விழுந்த குத்துன்னா பிவோலோடதுதான் அதிகம்."

"அது சரி. போட்டுக் காட்டு, எண்ணுவோம்."

எண்ணினோம். அவர் மார்க்கை மாற்றவில்லை, பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். கையை உயர்த்தித் தடுத்த குத்துக்கு மார்க் இல்லை என்பது என் நிலை; தடுத்தாலும் ஆளை ஆட்டினால் அது ரிங்கைக் கட்டுப்படுத்துவதில் சேரும் என்பது அவர் நிலை. இரண்டுக்கும் இடம் உண்டு. நாங்கள் எதில் வேறுபடுகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெளிவாகத் தெரிந்துவிட்டது, அது போதும்.

விதி தெரியாமல் பேசுவது நிறைய நேரத்தை வீணாக்கும். 2023 ஆகஸ்டில் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரில் டேனியல் டுபோய் வீசிய குத்தில் உசிக் கீழே விழுந்தார். ரெஃப்ரி அதை பெல்ட்டுக்கு, அதாவது இடுப்புக்கு, கீழே என்று சொல்லி உசிக்குக்கு ஓய்வு கொடுத்தார். கீழ்க்குத்து வாங்கியவருக்கு 5 நிமிடம் வரை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. அதனால் "ஏன் அவ்வளவு நேரம் விட்டார்கள்?" என்ற கேள்வி வீண். குத்து விழுந்த இடம் பெல்ட்டா, கீழேயா என்பது மட்டும்தான் கேள்வி. அதை ஸ்லோமோஷனில் போட்டுப் பேசலாம். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் 5-ஆவது ரவுண்டிலேயே டுபோயை நாக்அவுட் செய்து உசிக் அந்தப் பேச்சை முடித்துவைத்தார்.

இனி நடக்கப்போகும் சண்டைகள்

இதில் மார்க் கிடையாது, அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம் என்று நினைக்கிறார்கள். இங்கேயும் தாள் வேண்டும்.

முதலில் தூக்கி எறிய வேண்டியது "அவனை இவன் அடிச்சான், இவனை நம்ம ஆள் அடிச்சான்" என்ற கணக்கு. 1971-இல் ஃப்ரேசியர் அலியை ஜெயித்தார். 1973 மார்ச்சில் நார்ட்டனும் அலியை ஜெயித்தார். ஃபோர்மனோ ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை கீழே தள்ளினார். நார்ட்டனையும் இரண்டே ரவுண்டில் முடித்தார். இந்தக் கணக்குப்படி 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் ஃபோர்மனோடு மோதிய அலிக்கு உயிர் மிஞ்சினாலே பெரிது. அலி 8-ஆவது ரவுண்டில் ஃபோர்மனை நாக்அவுட் செய்தார். முன்னேறி வந்து குனிந்து அடிப்பவர்கள் ஃபோர்மனின் கைக்கு நேராக வந்து மாட்டினார்கள். அலி கயிற்றில் சாய்ந்து அவரைக் களைக்க வைத்தார். யாருடைய பாணி யாரோடு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் எழுதவேண்டிய முதல் வரி.

இரண்டாவது உடம்பு. எடைப் பிரிவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபோர்ட் 154 பவுண்டிலிருந்து நேராக 168-க்கு ஏறி கனேலோவோடு மோதியபோது "பதினாலு பவுண்டு! நசுக்கிடுவான்" என்றார்கள். 154-இல் அவர் போட்ட ஒரே சண்டையில் மத்ரிமோவிடம் 115-113, 115-113, 116-112 என்றுதான் தப்பினார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆனால் கிராஃபோர்ட் உயரத்தில் கனேலோவுக்குக் குறைந்தவர் இல்லை, கை நீளமோ அதிகம். மத்ரிமோவ் கால் வேகத்தால் தொந்தரவு கொடுத்தவர். கனேலோ நின்று அடிக்கும் ஆள். கிராஃபோர்ட் 116-112, 115-113, 115-113 என்று ஜெயித்தார், அந்த டிசம்பரில் 42 சண்டையிலும் தோற்காதவராகவே ஓய்வை அறிவித்தார். எடையைக் கேளுங்கள், உயரத்தையும் கை நீளத்தையும் கேளுங்கள், முக்கியமாக அந்த எடையில் அவர் குத்துக்கு எதிராளி எப்படி நிற்கிறார் என்று கேளுங்கள்.

ஒரு தாள் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஜப்பானியர்களான இனோவே–நகடானி சண்டை பற்றிய பேச்சு கிளம்பியபோது நான் எழுதியது. நகடானி: சவுத்பா (வலது கையை முன்னால் வைத்து நிற்கும் இடது கைக்காரர்), இனோவேயைவிட ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம், தூரத்திலிருந்து வரும் இடது நேர்க்குத்து. இனோவே: இடது ஹுக்கில் இரண்டு தடவை விழுந்தவர், 2024-இல் நெரியிடம் முதல் ரவுண்டில், 2025 மே மாதம் கார்டெனாஸிடம் இரண்டாவதில். இரண்டு தடவையும் எழுந்து எதிராளியை நிறுத்தினார். இது வரை எழுதினால் நகடானி பக்கம் சாயத் தோன்றும். அடுத்த வரி: 2025 செப்டம்பரில் நகோயாவில் அக்மதாலியேவ் என்ற வலுவான சவுத்பாவோடு இனோவே பன்னிரண்டு ரவுண்டும் கால் நகர்வை வைத்தே சண்டை போட்டு 118-110, 118-110, 117-111 என்று ஜெயித்தார். நாக்அவுட்டைத் தேடி அவசரப்படாத இனோவேயை அன்றுதான் பார்த்தோம். அதற்கடுத்த வரி: நகடானி 122 பவுண்டுக்கு ஏறிய முதல் சண்டையிலேயே எர்னாண்டஸ் அவரை நெருங்கி நின்று அடித்தார், இரண்டு ஜட்ஜுகளின் கார்டு 115-113. உள்ளே புகுந்தால் நகடானி தடுமாறுகிறார், உள்ளே புகுவது இனோவேக்குக் கைவந்த கலை. என் முடிவு: இனோவே, புள்ளிக் கணக்கில், 65-க்கு 35. முதல் மூன்று ரவுண்டில் நகடானியின் இடது கை சுத்தமாக விழுந்தால் என் கணக்கு தவறு. இந்தக் கடைசி வரி இல்லாத கணிப்பை எங்கள் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

அப்புறம் வியாபாரம். சண்டை நடக்குமா என்பது வேறு கேள்வி, யார் ஜெயிப்பார் என்பது வேறு கேள்வி; இரண்டையும் கலக்கக்கூடாது. மேவெதர்–பக்கியாவ் சண்டை 2010 மார்ச்சிலேயே நடப்பதாக இருந்தது. ரத்தப் பரிசோதனை பற்றிய தகராறில் பேச்சுவார்த்தை முறிந்து, ஐந்து வருடம் கழித்து இருவரும் வயதான பிறகு நடந்தது. "பயந்துட்டான்" என்று சொல்லும் முன் இருவரும் எந்த புரமோட்டரிடம் இருக்கிறார்கள், எந்தத் தளத்தில் ஒளிபரப்பு, எந்த அமைப்பு யாரைக் கட்டாய எதிராளியாக வைத்திருக்கிறது, பணத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தடை இந்த நான்கில் ஒன்றில் இருக்கும்.

வயது முடிந்தவர்களை இன்னொரு சண்டைக்கு இழுக்கும் வாதத்தில் மட்டும் நான் சேர்வதில்லை. 2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனை ரிங்கில் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தலையில் வாங்கும் அடிக்கு எந்த பெல்ட்டும் ஈடு இல்லை.

பெட்டர்பியேவ்–பிவோல் மூன்றாவது சண்டைக்கு நான் எழுதி வைத்திருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டர்பியேவ் 1985-இல் பிறந்தவர், பிவோல் 1990 கடைசியில். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பிவோலுக்கு லாபம். ஆனால் பிவோலுக்கு 2025-இல் முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அவர் சண்டையே இடுப்பும் காலும்தான். என் கணக்கு பிவோல், புள்ளியில், 60-க்கு 40. முதல் நான்கு ரவுண்டில் அவர் பக்கவாட்டில் நகராமல் நேராகப் பின்வாங்கினால் முதுகு சரியில்லை என்று பொருள், அப்போது பெட்டர்பியேவ் 9-ஆவது ரவுண்டுக்கு மேல் நிறுத்திவிடுவார். மாஸ்டர் தாளில் பெட்டர்பியேவ், 55-க்கு 45.